மாப்பிள்ளைக்கு எந்தக் கால்?

“இன்னொரு தடவை நடத்திக் காட்டும்மா” என்றார் ராணுவ அதிகாரி.

இது நான்காவது தடவை. பதினாறு வயதுப் பெண் மறுபடியும் கயிற்றைப் பிடித்தாள். அந்தச் சாம்பல் நிறக் குதிரை சலவைக்கூடத்து முற்றத்தில் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வாசல்வரை போனது, திரும்பி வந்தது. பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

ஆஸ்பத்திரிப் போர்வைகளை அழுக்காக ஏற்றிவந்து, வெளுத்ததும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிக் குதிரை அது. பெயர் மாப்பிள்ளை. கழுத்தைத் தடவி, காதோடு நாலு நல்ல வார்த்தை சொல்லி, ஒரு கேரட்டும் நீட்டினால்தான் ஐயா நகருவார். அந்த உபசாரம் முழுவதும் பெண்ணின் பொறுப்பு. வேறு யார் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

போர் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அந்தத் தெருவிலிருந்து ராணுவத்துக்குப் போன பதினொரு குதிரைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பெண்ணின் அண்ணனும் போனவன்தான். அவனிடமிருந்து கடிதம் வந்து நாலு மாதம். மாப்பிள்ளையையும் அனுப்பிவிட்டு எப்படி இருப்பது என்று அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி வலது காலை நீட்டியபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எல்லையில் குண்டு பட்ட கால். வலது கையில் தடியை ஊன்றி, அந்தக் காலை இழுத்து இழுத்து அவர் உள்ளே வந்தபோது, பெண்ணின் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிப்போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அந்தக் காலை உத்தேசித்துத்தான் அவரை மறுபடி சண்டைக்கு அனுப்பாமல், ஊர் ஊராகப் போய்க் குதிரை பொறுக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

“இதுக்குக் கால் எப்பிடி இப்பிடி ஆச்சு?” என்று கேட்டார்.

“பிறவியிலேயே அப்பிடி சார்” என்றாள் அம்மா.

“போன வாரம் ஆணி குத்திடுச்சு சார்” என்றாள் பெண், அதே நேரத்தில்.

அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டு தொட்டியிலிருந்த போர்வையைப் பிழிய ஆரம்பித்தாள்.

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. விடுகதை கேட்ட குழந்தை மாதிரி அவர் முகம் ஆவலாக இருந்தது.

“போகும்போது இடது கால். வரும்போது வலது கால். நாலு தடவையும் அப்பிடியே. நெஜமா கால் வலிச்சா நடுவழியில மாறுமா?”

பெண் வாசலைப் பார்த்தாள். ராணுவத்தை ஏமாற்றினால் ஜெயில் என்று வாசல் சுவரிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

“பயப்படாதே. உன்னைப் பிடிச்சுக் குடுக்க மாட்டேன். எப்பிடின்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சுக்கலேன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும்.”

“தோள்ல கை வெச்சா நொண்டும் சார். எந்தப் பக்கம் வெக்கிறேனோ அந்தப் பக்கத்துக் கால்.”

“எங்கே, காட்டு.”

அவள் காட்டினாள். கையை எடுத்தாள், மாப்பிள்ளை நிமிர்ந்து, ஊர்வலம் போவதுபோல் வாசல்வரை நடந்துபோய் நின்றது.

“அப்போ ஒரே பக்கமா நின்னுருக்கலாமே? நானும் ஏமாந்துபோயிருப்பேன்.”

பெண் துணிக்கொடியைப் பார்த்தாள். முற்றத்தின் நீளத்துக்கு வெள்ளைப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. “வெளுத்த துணியில மாப்பிள்ளை உரசிடும்னு நான் எப்பவும் கொடிப் பக்கமாவே நடப்பேன் சார். போகும்போது கொடி இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். பழக்கதோஷம். யோசிக்கவே இல்லை.”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். “யாரு இதைப் பழக்கினது?”

“யாரும் பழக்கலை. போன வருஷம் நெஜமாவே ஆணி குத்திச்சு. ஒரு மாசம் தோள்ல கை வெச்சுத்தான் நடத்தினேன். புண்ணு ஆறிப்போச்சு. ஆனா கை வெச்சா இன்னும் நொண்டுது. என் மேல சாய்ஞ்சு நடக்கிறது அதுக்குப் பிடிச்சுப்போச்சு போல.”

“ஆறின புண்ணுக்கு நொண்டுது...” என்று அதிகாரி தனக்குள் சொல்லிக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

தடியை ஊன்றி எழுந்தார். “எனக்கு வேற வழியில்லம்மா. இந்த வாரம் முப்பது குதிரை அனுப்பணும். இருபத்தொம்பதுதான் தேறியிருக்கு. நாளைக்குக் காலையில ரயிலடிக்குக் கொண்டுவந்துடு.”

“சார், அது என்னைத் தவிர யார் சொன்னாலும் கேக்காது. அங்க குண்டு வெடிக்கும்போது அது காதுல யார் சார் பேசுவாங்க?”

 அதிகாரி, குளம்பில் எண் எழுதுவதற்காகக் கொண்டுவந்திருந்த பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் வலது கையில் எடுத்துக்கொண்டார். தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முற்றத்தைக் கடந்து மாப்பிள்ளையிடம் போனார். குனிந்து, முன்னங்கால் குளம்பில் முப்பது என்று எழுதினார். அம்மா பிழிந்த போர்வையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

பெண் அழவில்லை. அவர் நடந்துபோன வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஏதோ ஒன்று இடித்தது.

“சார், ஒண்ணு கேக்கலாமா? உள்ள வரும்போது நீங்க வலது காலைத்தானே இழுத்தீங்க? இப்ப ஏன் இடது கால்?”

அதிகாரி தடியைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார். பிறகு தடியை மெல்ல வலது கைக்கு மாற்றிக்கொண்டு, பெயின்ட் காய்வதற்குள் குளம்பிலிருந்த எண்ணைத் தன் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார்.