ஒரு நட்டு பாக்கி

பரணின் பாதி பாரம் அவன் தலையில் இருந்தது. மீதி இரண்டு கைகளிலும்.

கார் ஷெட்டின் நடுவில், ஏணியின் உச்சிக்கு ஒரு படி கீழே நின்றிருந்தான். தலைக்கு மேல் இரும்புச் சட்டம், அதன்மேல் கனமான ப்ளைவுட் பலகை. பின்பக்கத்தைச் சுவரில் முடுக்கியாகிவிட்டது. முன்பக்கத்தைக் கூரையிலிருந்து தொங்கும் இரண்டு கம்பிகளில் கோத்து நட்டுப் போட வேண்டும். அதுவரை அந்தப் பக்கத்துக்கு இருக்கிற ஒரே முட்டு அவன்தான்.

"கொஞ்ச நேரம்தான் மாப்பிள்ளை, நீங்கதான் நல்ல உயரம்" என்று சொல்லி ஏற்றிவிட்டவர் மாமனார்.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை செய்யும்போது நட்டுகளை வாயில் அடக்கிக்கொள்வது அவர் வழக்கம். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் 'ம்'தான் பதில்.

இந்த நேரத்தை அவன் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். வாயில் நட்டு வைத்திருக்கிற மனிதர் குறுக்கே பேச மாட்டார். தனியாகப் போகிறோம் என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

கல்யாணமான புதிதில், வேறு வீடு கிடைக்கிற வரைக்கும் என்றுதான் இங்கே வந்தான். வீடுகள் கிடைக்காமல் இல்லை. கிடைத்தபோதெல்லாம் மாமியாருக்கு முட்டி வலி வந்துவிடும். இல்லையென்றால் வீட்டுக்காரரின் முழி சரியில்லை என்று மனைவிக்குப் பட்டுவிடும்.

இந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மரியாதைக்கும் குறைவில்லை. அதுதான் வம்பே. சண்டை போட ஒரு காரணம் கிடைத்தால்தானே பெட்டியைத் தூக்க முடியும்? டிவி ரிமோட்டைக்கூட முதலில் அவன் கையில்தான் கொடுப்பார்கள். அவன் மாமனாருக்குப் பிடித்த சானலைப் போடுவான்.

அவன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். அங்கே அவன் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'வீட்டோட'. 'மாப்பிள்ளை' என்கிற மீதியை மரியாதைக்காக விட்டுவிட்டார்கள்.

போன வாரம் ஒரு வீடு பார்த்தான். இரண்டே அறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்து, நீங்களே திறந்து பாருங்கள் என்றார். திறந்தவன், மறுபடி பூட்டி, இன்னொரு தடவை திறந்து பார்த்தான். மாமனார் வீட்டுக்கு அவனிடம் சாவி கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. எந்நேரம் வந்தாலும் யாராவது கதவைத் திறந்து "வாங்க மாப்பிள்ளை" என்பார்கள்.

இன்று சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். மனைவியிடம் சொன்னபோது, மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள்.

இப்போது சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்லப்போவதில்லை. அது அவனுக்கே தெரியும்.

கழுத்து கடுத்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை இல்லை.

முதல் கம்பியில் நட்டு இறுகியது. மாமனார் தன் ஏணியை நகர்த்திப்போட்டுக்கொண்டு அடுத்த கம்பிக்கு ஏறினார். இப்போது அவர் முகம் அவன் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது.

"மாமா, ஒரு விஷயம்..."

அவர் கடைசி நட்டை வாயிலிருந்து எடுத்தார். கம்பியில் மாட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"தெரியும் மாப்பிள்ளை. பொண்ணு சொல்லிடுச்சு. அடுத்தவங்க வீட்ல இருக்கோமேன்னு உங்களுக்கு உறுத்துது. நியாயம்தான். அதுக்குத்தான் இந்தப் பரணே. எங்க சாமானையெல்லாம் இதுல ஏத்திட்டு நானும் உங்க அத்தையும் பெரியவன் வீட்டுக்குப் போயிடறோம். இனிமே இது உங்க வீடு. நீங்க பாத்த அந்த வாடகை வீட்டுக்காரர் என்கூட டிப்போவுல இருந்தவர்தான். காலையிலயே போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசையத்தான் முடியவில்லை.

பெரிய மச்சான் வீட்டுக்குக் கடைசியாகப் போனவர்கள் மறுநாளே திரும்பி வந்துவிட்டார்கள். அங்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம். மாமனாருக்குப் படுக்க ஹாலில் சோபாதான் கிடைத்ததாம். இந்த வயதில் இருவரையும் அங்கே துரத்திவிட்டு, அவர்கள் கட்டிலில் இவன் கால் நீட்டிப் படுக்க வேண்டும். ஊர் வாயை யார் மூடுவது? அதற்கு 'வீட்டோட' எவ்வளவோ தேவலாம்.

மாமனாரின் கண்கள் கலங்கியிருந்தன. கை மூடியே இருந்தது.

தலைமேல் இருந்தது இன்னும் கனத்தது.

"நீங்க எங்கயும் போக வேணாம் மாமா" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "எங்களுக்கும் இதுதான் வசதி. எல்லாரும் ஒண்ணாவே இருப்போம்."

"வாய் வார்த்தைக்குச் சொல்லலையே?"

"சத்தியமா மாமா."

மாமனார் கையை விரித்தார். நட்டைக் கம்பியில் ஏற்றி, ஸ்பேனரால் நிதானமாக முடுக்கினார். பரணைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"கைய எடுங்க மாப்பிள்ளை."

விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் போகிற கதவுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருந்த யாரோ இப்போதுதான் நகர்ந்தார்கள்.

பிறகு அவன் மனைவியின் குரல், தணிந்து, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, இந்தத் தடவையும் சரின்னுட்டாரு."