வலது செருப்புகள்

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு ஆள் எண்ணுவது ஸக்கரியாவின் வேலை. வாசலில் எண்ணியவர்களையே தண்ணீர்த்தொட்டியருகிலும் எண்ணிவிட்டு, பிறகு விரல் மடக்கிக் கழித்துக் குழம்பிப்போவார். தொண்ணூறாம் ஆண்டு நோன்பில்தான் சுலபமான வழி பிடிபட்டது. ஆட்கள் அங்குமிங்கும் அலைவார்கள், செருப்பு அலையாது. வலது செருப்பை மட்டும் எண்ணினால் போதும், ஆளுக்கு ஒன்றுதான்.

முதல் நாள் நாற்பத்து மூன்று. ஊற்றிய கஞ்சியில் ஒரு கோப்பை மிஞ்சியது. மறுநாளும் அப்படியே.

"ஸக்கரியா நானா, ஒண்டு கூட எண்ணிட்டீங்க" என்றார் கஞ்சி ஊற்றும் அப்துல் ஸமத்.

மூன்றாம் நாள் இடது செருப்புகளையும் எண்ணிப் பார்த்தார். நாற்பத்திரண்டு. ஜோடியில்லாத வலது செருப்பு படியோரம் கிடந்தது. அறுந்த வாரில் செப்புக் கம்பி. அது அவரே கட்டிக் கொடுத்தது.

போன வருடம் வெங்காய லொறியில் தம்புள்ளைக்குப் போன மகன் நிஸ்தார் திரும்பவில்லை. நாலந்தைப் பாலத்தருகே அவனுடைய இடது செருப்பு மட்டும் கிடைத்தது. அதை அவர் மனைவி றம்லா துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தாள்.

நான்காம் நாள் அவளுக்குத் தெரியாமல் அதை எடுத்துவந்து வலதின் பக்கத்தில் வைத்தார். மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது இரண்டும் இல்லை.

மறுநாளிலிருந்து கணக்குச் சரியாக வந்தது. நாற்பத்திரண்டு செருப்பு, நாற்பத்திரண்டு கோப்பை.

"இப்பதான், நானா, ஒழுங்கா எண்ணுறீங்க" என்றார் அப்துல் ஸமத்.

வீட்டில் றம்லா கையில் வெறும் துணியோடு நின்றாள்.

"புள்ளட செருப்பு எங்க?"

"போட்டுக்கிட்டுப் போயிட்டான்" என்றார் ஸக்கரியா.