துரையின் படகில் ஒழுக்கு

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் நாலாம் லயத்தில், எல்லாரும் குடம் வைத்துப் பிடிக்கும் பீலியில் தண்ணீர் வருவது நின்று நாற்பது நாளாச்சு. மண் சரிந்து குழாய் உடைந்ததோடு சரி. ஒட்டுப்போடக் கொஞ்சம் குழாய் கேட்டுப் போனால், ஸ்டோர் கிளாக்கர் முத்துலிங்கம் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

"துரை கையெழுத்து இல்லாம ஆணிகூடக் கெடையாது."

நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, கூடையை இறக்கிய கையோடு ஆற்றுக்குக் குடம் தூக்கும் பேச்சியம்மா, அவரைக் கரித்துக்கொட்டாத நாளில்லை.

இப்போது புருஷன் மேலும் ஆத்திரம். ஃபாக்டரியில் இன்ஜின் பார்க்கும் அழகுமுத்து, ரெண்டு நாளாக நீர்த்தேக்கத்தில் தோட்ட நிர்வாகியான துரையின் பாய்மரப் படகே கதியென்று கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை படகுப் போட்டியாம். காற்று இல்லாத நேரத்துக்கு இன்ஜின் வைத்த படகு அது. எங்கிருந்தோ உள்ளே தண்ணீர் ஏறுகிறதாம்.

"இங்க குடிக்கத் தண்ணியக் காணோம், இவரு அங்க தண்ணி எறைக்கிறாரு" என்று லயமே சிரித்தது. பேச்சியம்மாவுக்கு மானம் போச்சு.

ஆனாலும் ஆள் கெட்டிக்காரன்தான். ஹட்டன் டவுனிலிருந்து வந்த மெக்கானிக்குகள் படகின் அடியெல்லாம் தார் பூசித் தோற்றுப் போயிருந்தார்கள். அழகுமுத்து இன்ஜினுக்கு அடியில் நன்றாகத் துடைத்துக் காயவிட்டான். பழைய பேப்பரை விரித்து, மேலே தேயிலைத் தூளைத் தூவி, இன்ஜினை ஓடவிட்டான். பத்தே நிமிஷம். சொட்டு விழுந்த இடத்தில் சாயம் இறங்கிக் காட்டிக் கொடுத்தது. இன்ஜின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு. படகின் விசிறியைச் சுழற்றும் தண்டு வெளியே போகும் துளையில், அடைப்புக் கயிறு காய்ந்து இன்னொரு ஒழுக்கு. ஸ்டோரில் வாங்கிய புதுக் குழாயை மாட்டினான். கொழுப்பில் ஊறிய கயிற்றைச் சுற்றி இறுக்கினான். அப்புறம் ஒரு சொட்டு இல்லை. போட்டியில் துரைதான் முதலாவது.

திங்கட்கிழமை சாயந்திரம் பீலி சளசளவென்று கொட்டியது. லயமே குடத்தோடு ஓடிவந்தது. சிரித்த வாயெல்லாம் அழகுமுத்துவை வாழ்த்தின. உடைந்த இடத்தில், படகுக்குப் போட்ட அதே ரப்பர் குழாய், எட்டடி நீளத்துக்கு!

பேச்சியம்மா பூரித்துப் போனாள். மறுநிமிஷமே புருஷனை ஓரமாக இழுத்தாள்.

"படகுக்குன்னு சொல்லிக் கூடுதலா வாங்கிட்டீங்களா? அந்தக் கிளாக்கருக்குத் தெரிஞ்சா நம்ம வேலை போயிருமே."

அழகுமுத்து நிதானமாகச் சொன்னான்.

"நான் கேட்டது ரெண்டடிதான் புள்ள. பத்தடின்னு எழுதித் துரைகிட்ட கையெழுத்து வாங்கி, மிச்சத்த லயத்துக்குக் கொண்டுபோன்னு என் தோள்ல போட்டதே முத்துலிங்கம் ஐயாதான்."