சுருக்காத விண்டோ

“அம்மா, மினிமைஸ் பண்ணிட்டா அப்பாவுக்கு உள்ள இருட்டா இருக்காதா?” என்று ஆறு வயதில் பெனிட்டா கேட்டாள்.

“போடி கோட்டி!” என்று மகளின் கிறுக்குத்தனத்துக்குச் சிரித்தாள் செலஸ்தீனா. இறந்தவர்கள் கணினித் திரையில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வேலைக்குக் கிளம்பும்போது அவர்களின் விண்டோவைச் சுருக்கிவிட்டுப் போவது எல்லா வீட்டிலும் வழக்கம்; செலஸ்தீனாவும் கணவர் அருளப்பனின் விண்டோவை அப்படித்தான் சுருக்குவாள்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு, ஒரு காலையில் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. கூடவே ஒரு நினைவும் வந்தது: அவர் உயிரோடிருந்தபோது, கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் போட்டிருந்த நாட்களில், இருட்டுக்குப் பயந்த செலஸ்தீனாவின் கையை அருளப்பன் விடவே இல்லை.

“நேரமாச்சுல்லா, கெளம்பு,” என்றார் அவர் திரையிலிருந்து.

“கெளம்பிட்டேன். நீங்க கொஞ்சம் கண்ண மூடுங்க.”

அவர் மூடிக்கொண்டார். ஆண்டவரை நினைத்துக்கொண்டு மவுஸை எடுத்தாள். இன்று சுருக்கவில்லை. திரையில் தெரிந்த, தொட முடியாத அவர் உள்ளங்கையில் அம்புக்குறியைத் தன் கைபோலக் கொண்டுபோய் வைத்தாள். மவுஸ் அசையாமல் கையை எடுத்து, கதவை மெல்லச் சாத்தினாள்.