கோட்டுப் பைக்குள் கை

சிகாகோ ரயில் பெட்டிக்குள், ‘புகைபிடிக்காதீர்’ பலகைக்கு நேர்கீழே நின்று அந்தத் தடியன் சிகரெட் பற்றவைத்தான். பக்கத்தில் நின்றவர்கள் நைசாக நகர்ந்துகொண்டார்கள். போன வாரம் இப்படித் தட்டிக்கேட்டவருக்குக் கத்திக்குத்து.

ஓரத்தில் நீலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்த வெண்டெல், கோட்டுப் பைக்குள் இருந்ததை இறுகப் பற்றினான். வெளியே எடுத்தால் தடியன் பார்த்துவிடுவானே என்று பயம்.

எதிர் இருக்கையிலிருந்த நர்ஸ் லொரெய்ன் எழுந்துபோய்த் தடியனின் காதில் ஏதோ சொன்னாள். அவன் வெண்டெலைப் பார்த்தான். முகம் வெளுத்தது. கதவு திறந்ததும் இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடினான்.

“என்னங்க சொன்னீங்க?” என்றான் வெண்டெல்.

“அந்த நீலத் தொப்பிக்காரர் பையில துப்பாக்கி இருக்கு, புகை வாடை பட்டாலே சுட்டுருவார்னு ஒரு புருடா விட்டேன். நீங்களும் கையை வெளிய எடுக்கவே இல்லையா, நம்பிட்டான்!”

பெட்டியே சிரித்தது. வெண்டெலும் இருமிக்கொண்டே சிரித்தான்.

அடுத்த நிலையத்தில் கதவு திறந்ததும் நான்கு போலீஸ் துப்பாக்கிகள் உள்ளே நீண்டன.

“ஏய் நீலத் தொப்பி! கையைத் தூக்குடா!”

“ஐயோ சார், நான் சும்மா சொன்னது...” என்று லொரெய்ன் பதறினாள்.

“நீ தள்ளும்மா!”

போலீசுக்குப் பின்னாலிருந்து தடியன் கைகாட்டினான். விரலிடுக்கில் சிகரெட் புகைந்தது. “போன்ல சொன்னேனே, இவன்தான் சார்! நான் செவனேன்னு நின்னுட்டிருந்தேன்!”

புகை உள்ளே வந்தது. வெண்டெலுக்கு நெஞ்சு அடைத்தது, மூச்சு வரவில்லை. தூக்கிய கை தானாகப் பைப்பக்கம் இறங்கியது.

“பைக்குள்ள கை போச்சு, சுட்டுருவேன்!”

பைக்குள் இருந்தது அவனுடைய ஆஸ்துமா இன்ஹேலர்.