ப்ரௌட்டி அணையின் லைசென்ஸ்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், நீர்மின் அணைகள் பற்றிய அரசு விசாரணைக் கூட்டம். அணை முதலாளி வெண்டல் ப்ரௌட்டி கைகூப்பாத குறையாக நின்றார்.

“மேடம், வருஷக்கணக்கா அலையறேன். இன்னைக்காவது கையெழுத்துப் போடுங்க.”

“மீன் ஆய்வு?” என்றார் மத்திய அரசு அதிகாரி.

“முடிஞ்சுது. அந்தச் செலவுல பண்ணை போச்சு.”

“ஆமை ஆய்வு?”

“அதுல வீடு போச்சு.”

“விலாங்கு ஆய்வு பாக்கி இருக்கே!”

“விக்க இனி என் பல்செட்டுதான் மேடம் இருக்கு!”

கூட்டம் சிரித்தது. வெண்டல் தளர்ந்துபோய் உட்கார்ந்தார்.

விண்ணப்பத்தோடு பக்கத்தில் இருந்த இளைஞன் கேட்டான்: “புதுசா அணை கட்டலாம்னு வந்தேன், சார். லைசென்ஸ் வாங்க இவ்வளவு பாடா?”

“லைசென்ஸ் எங்கப்பா காலத்துலயே வாங்கியாச்சுப்பா. கரண்டு வித்துக் கட்டுப்படியாகல, இழுத்து மூடறேன், லைசென்ஸைத் திருப்பி எடுத்துக்குங்கன்னுதான் இவங்க கால்ல விழறேன்!”