மேடை இல்லாத கல்யாணம்

"மேடையும் வேணாம்" என்றான் எல்வின்.

வலேரிக்குத் தலை சுற்றியது.

குளுவாங்கில் மண்டபம் எடுக்க வேண்டாம், காஹாங்கில் இருக்கும் நண்பன் வசந்தனின் டுரியான் பழத் தோட்டத்திலேயே தங்கள் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். பாஸ்டர் அங்கேயே வந்து ஜெபித்து நடத்தி வைக்கச் சம்மதித்துவிட்டார். ராத்திரி விருந்துக்குப் பதில் காலையில் சுடச்சுடத் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக். திருமண வாக்குறுதியை அவரவர் சொந்த வார்த்தையில் சொல்வது. எல்லாம் பேசிப் பேசி, சிரித்துச் சிரித்துச் செய்த ஏற்பாடு.

அதற்கப்புறம்தான் எல்வின் ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தான்.

பெண்ணை யாரும் கைப்பிடித்து அழைத்து வர வேண்டாம், நாம் இருவரும் சேர்ந்தே நடந்து வருவோம் என்றான். சரி, அழகாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டாள். பெற்றோருக்கென்று முன்வரிசை நாற்காலி வேண்டாம், யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும் என்றான். குடும்பம் குடும்பமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கக் கூடாது என்றான். இப்போது மேடையும் இல்லை.

"ஏன்னு சொல்லு லா."

"நம்ம கல்யாணம், நம்ம இஷ்டம்னு நீதானே சொன்ன."

"நம்ம இஷ்டம்னா அதுல என் இஷ்டமும் இருக்குல்ல? எனக்குக் காரணம் வேணும், எல்வின்."

அவன் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சீனி எப்போதோ கரைந்திருந்தது.

சர்ச் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடுகிறவன். ஊரில் யார் கல்யாணம் என்றாலும் பாட்டு முடிந்த கையோடு மேடையேறி எல்லாருடனும் போட்டோ எடுத்துக்கொள்கிறவன். அவனுக்கா மேடை பிடிக்கவில்லை?

இதில் பழி வேறு வலேரி தலையில் விழுந்தது. எல்வினின் அம்மா போன் செய்து, ஒரே பையன் மாலையோடு மேடையில் நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன், நீதான் அவனை மாற்றிவிட்டாய் என்று குறைபட்டுக்கொண்டார். என் யோசனைதான் அம்மா என்று எல்வின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவர் நம்பவில்லை.

அன்று முழுக்க யோசித்ததில் வலேரிக்கு ஒன்றுதான் தோன்றியது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிரிந்து வருஷங்கள் ஆகின்றன. அக்கா ஏஞ்சலாவின் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. மேடையில் அம்மா மட்டும் தனியாக நின்றதை ஊரே ஜாடைமாடையாகப் பேசியது.

மறுநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எங்க குடும்பத்த மேடையில நிக்க வைக்க உனக்கு வெக்கமா இருக்கா?"

எல்வினின் முகம் சுருங்கிப்போனது. அப்படி மட்டும் நினைக்காதே என்றான். அதற்குமேல் அவன் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை.

அம்மாவிடம் போய் முறையிட்டாள். ஏஞ்சலா கல்யாணத்தில் மேடை அலங்காரத்துக்குப் பூக்காரரோடு சண்டையே போட்டவர் அம்மா. இதைக் கேட்டால் குதிப்பார், எல்வினைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடிப்பார் என்று எதிர்பார்த்தாள்.

அம்மா கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

"மாப்பிள்ளை சொல்றபடியே விட்டுடு" என்றார்.

குழப்பம் இரண்டு மடங்கானது. அம்மாவுமா? இரண்டு பேரும் சேர்ந்து எதை மறைக்கிறார்கள்? ஒன்றும் புரியாமல் ஒருவனோடு வாழ்க்கையைத் தொடங்குவதா? கல்யாணத்தையே கொஞ்சம் தள்ளிப்போட்டால் என்ன என்றுகூட நினைத்தாள்.

எதுவானாலும் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவர் பெக்கோக் பக்கம் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அக்கா கல்யாணத்துக்கு வராத கோபத்தில் அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசியதே இல்லை. அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட, தானே சொல்லிவிடுவது நல்லது.

போனை எடுத்ததும், "எனக்குக் கல்யாணம்ப்பா" என்றாள்.

"தெரியும்மா. எல்வின் சொன்னாரு."

"எல்வினா? உங்களுக்கு அவனத் தெரியுமா?"

அவர் பதில் சொல்லக்கூட அவள் விடவில்லை.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "அக்கா கல்யாணத்துக்கே வராதவங்க நீங்க. எனக்காவது வருவீங்களாப்பா?"

"அதுக்கும் வந்தேன்மா" என்றார் அவர் மெதுவாக. "'நீங்க மேடையேறினா நான் எறங்கிப் போயிடுவேன்'னு அம்மா சொல்லிட்டாங்க. அன்னிக்கு ஏஞ்சலா அழக் கூடாதுல்ல. அதான் சர்ச் கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டேன். பாட வந்த எல்வின் என்னப் பாத்துட்டு, யாருன்னு விசாரிச்சு, ரெண்டு தட்டுல பிரியாணி கொண்டாந்தாரு. என் பக்கத்துலயே நின்னு அவரும் சாப்பிட்டாரு."



"எங்கிட்ட ஏன்ப்பா யாருமே சொல்லல?"

"நான்தான் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன். உனக்கு அம்மா மேல கோவம் வந்துடக் கூடாதுல்ல."

அப்பாவே தொடர்ந்தார்.

"போன வாரம் எல்வின் பெக்கோக்குக்கே வந்துட்டாரும்மா. மேடை, முன்வரிசை, போட்டோ எதுவும் இல்லன்னா, நான் எங்க இருந்தாலும் பரவால்லன்னு அம்மா ஒத்துக்கிட்டாங்களாம். 'இந்தத் தடவ உள்ள வந்து உக்காருங்க, அங்கிள்'னு சொல்லிட்டுப் போனாரு."